அப்பாவின் இதயத்துக்குள் பார்த்தவர்கள்

அப்பா லொறிக்காரர். தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. லொறி நடுவழியில் நின்றுவிட்டால் மற்ற டிரைவர்மார் ஆளனுப்பிவிட்டு மரநிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்களாம். அப்பா பொனட்டைத் திறப்பார். சரிபண்ணத் தெரிகிறதோ இல்லையோ, என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அதே கதைதான். ரேடியோ, அம்மாவின் தையல் மெஷின், என் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறார். அவற்றில் சில மறுபடியும் ஓடின.

அப்படிப்பட்ட மனிதரிடம், அவருடைய நெஞ்சுக்குள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை நாங்கள் மறைத்தோம். நாங்கள் என்றால் நானும் கொழும்பில் கடை வைத்திருந்த அண்ணனும். யோசனை அண்ணனுடையது, வாய் என்னுடையது. யார் பங்கு அதிகம் என்று இப்போது பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? அப்பா என்னைத்தான் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

யுத்தம் முடியாத காலம் அது. நான் மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலே பலாபத்வலயில், பெரிய ரோட்டை ஒட்டி ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தேன். அம்மா இறந்தபின் அப்பா தோட்டத்தை விட்டு என்னோடு வந்துவிட்டார். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற லொறிகளைத் திட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. "கியரப் போட்டுக் கொல்றான் பாரு, நாசமாப் போறவன்" என்பார். கொஞ்ச நாளில் திட்டும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு கிணற்றடியில் இருந்து வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாத்தளையில் பார்த்த டொக்டர் கொழும்புக்கு அனுப்பினார். அண்ணன் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதய டொக்டரைப் பிடித்தான். நானும் அண்ணனும் மட்டும் முதலில் போய்ப் பேசினோம். டொக்டர் சிங்களவர், பொறுமையானவர். தொடை இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் அனுப்பி, மருந்து செலுத்தி, எக்ஸ்ரேயில் படம் எடுப்போம் என்றார். அடைப்பு இருந்தால் அதே மேசையிலேயே பலூனால் விரித்து ஸ்டென்ட் என்கிற ஸ்ப்ரிங்கை வைத்துவிடுவோம், ஆளை மயக்கமாட்டோம், முழிப்பாகத்தான் இருப்பார் என்றார். இந்த வயதில் இரத்தக்குழாய்கள் சுண்ணாம்பு பிடித்து இறுகியிருக்கும், கொஞ்சம் சிக்கல்தான், ஆனால் செய்யலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னான்: "அப்பாகிட்ட ஒன்னும் சொல்ல வேணாம். படம் புடிக்கிறாங்கன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சா மனசு விட்டுடுவாரு."

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். நோய் யாருக்கு வந்ததோ அவரைத் தவிர ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கும். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்குப் பெரிய வருத்தம் என்றால் கடைசி வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், படுத்திருக்கிறவருக்குத் தெரியாது. அதைப் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோதும் அப்படித்தான் செய்தோம். அப்போது சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தவர் அப்பா. அம்மா கடைசிவரை அது வயிற்றுப் புண் என்று நம்பிக்கொண்டு, புளி சேர்க்காமல் சாப்பிட்டாள்.

அந்த முடிவுக்காக அப்பா எவ்வளவு வருந்தினார் என்பது எனக்குத் தெரியும். அதுதான் என் விஷயத்தில் மோசம். அண்ணனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அம்மாவின் காரியம் முடிந்து ஒரு நாள், அடுப்படியில் என்னோடு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், திடீரென்று சொன்னார்: "அவளுக்குத் தெரிஞ்சிருந்தா என்னைய ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போயிருப்பா. நா அதுக்கும் வழி வுடல." சொல்லிவிட்டு மறுபடியும் துருவ ஆரம்பித்தார். நான் வெங்காயம் உரித்தேன். இதைக் காதால் கேட்டவள்தான் நான். கேட்டும் செய்தேன்.

போகும் நாளுக்கு முந்தின மாலையில் அப்பா நேராகவே கேட்டார்.

"படம் மட்டுந்தானா புள்ள? இல்ல வேற ஏதாச்சும் செய்வாங்களா?"

"படம் மட்டுந்தாம்பா. புடிச்சிட்டு வந்துரலாம்."

"எப்புடிப் புடிப்பாங்க?"

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் இதயம் படிப்பிக்கிறேன். சிவப்புச் சோக்கிலும் நீலச் சோக்கிலும் கரும்பலகை நிறைய வரைந்து, எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு இரத்தம் போகிறது என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். கேட்காத பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். கேட்ட அப்பாவிடம், "எக்ஸ்ரே மாதிரித்தாம்பா" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அவர் சிரித்தார். "எக்ஸ்ரேக்குக் கொழும்பு வரைக்குமா?" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என்னை நம்பினார் என்று அப்போது நினைத்தேன். நம்ப விரும்பினார் என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணன் வேன் அனுப்பியிருந்தான். டிரைவர் பக்கத்து சீட்டில் அப்பா, பின்னால் நான். கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும்போது டிரைவருக்குப் பிரேக் பிடிக்கிற விதம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பையன் நல்லவன், "சரி ஐயா, சரி ஐயா" என்று கேட்டுக்கொண்டான்.

கொழும்பை நெருங்கும்போது செக் பொயின்டில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற தமிழர்களின் அடையாள அட்டையைப் பார்த்தால் கேள்வி கூடும். இறங்கச் சொன்னார்கள். அப்பாவால் இறங்கி நிற்க முடியாது என்று சொல்லி, அவருடைய அட்டையையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். தோளில் துப்பாக்கி மாட்டியிருந்த ஆமிப் பையன், என் பெரிய வகுப்பு மாணவர்களைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருப்பான். எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை நாள் என்று சிங்களத்தில் கேட்டான்.

அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். வேன் கண்ணாடி திறந்திருந்தது. நான் பதில் சொன்னால் அவர் காதில் விழும். அதனால் அந்தப் பையனிடம் கொஞ்சம் தள்ளி வரச் சொன்னேன். அவன் சந்தேகத்தோடு பார்த்தான், வந்தான். மண்மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் நின்று, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு, நாளைக்கு உள்ளே ஸ்ப்ரிங் வைக்கப் போகிறார்கள், ஆபத்தும் இருக்கிறது, அவருக்குத் தெரியாது, தயவுசெய்து அவர் முன்னால் ஒன்றும் கேட்காதீர்கள் என்று. அவன் முகம் மாறியது. தன் தாத்தாவுக்கும் நெஞ்சு வருத்தம் என்றான். வேனுக்கு அருகே போய் அப்பாவிடம், "சீயா, நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்று தாத்தா முறை வைத்துச் சொன்னான்.

வேன் கிளம்பிய பிறகு அப்பா திரும்பிப் பார்த்தார். "அவன்கிட்ட என்னா புள்ள அப்புடி மறைவாப் போயி சொன்ன?" என்றார்.

"ஒன்னுமில்லப்பா."

துப்பாக்கி வைத்திருந்த முன்பின் தெரியாத ஒருவனிடம் உண்மை முழுவதையும் சொன்னேன். பெற்றவரிடம் ஒன்றுமில்லை என்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. அப்பா அதற்குப் பிறகு வழியெல்லாம் டிரைவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் உடுப்பு மாற்றப் போயிருந்த நேரத்தில் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்தை அண்ணனே போட்டான். டொக்டரிடம் நான் ஆங்கிலத்தில், அப்பாவுக்குப் படம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம், தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள் என்றேன். டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் அவசரத்தில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வெகுநேரம் கழித்து டொக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று கையசைத்தார். படத்தில் அடைப்புத் தெரிகிறது, ஆனால் எக்ஸ்ரே படம் என்பது வெறும் நிழல்தான், வெளியே நின்று பார்ப்பது, வயதானவர்களின் குழாய்ச் சுவர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது நிழலில் சரியாகத் தெரியாது என்றார். இன்னொரு மெல்லிய கம்பியை உள்ளே அனுப்பப் போகிறாராம். அதன் நுனி ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் காட்டுமாம். குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி இருக்குமாம். அதைப் பார்த்துத்தான் எந்த அளவு ஸ்ப்ரிங் என்று முடிவு செய்வார், வைத்த பிறகும் ஒருமுறை அனுப்பி, அது சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும் என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

திரும்பிப் போகப் போனவர் நின்றார். "உங்கள் அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"எல்லாம். திரை அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கறுப்புக் கோடு என்னுடையதா, ஏன் நடுவில் மெலிந்திருக்கிறது, படம் எடுத்துவிட்டீர்களே இன்னும் ஏன் அனுப்பவில்லை என்று சிங்களத்தில் வரிசையாகக் கேட்டார். மேசையில் படுத்துக்கொண்டு கேட்கிற மனிதரிடம் நான் எப்படிப் பொய் சொல்வது?" கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் சுவரைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

ஸ்ப்ரிங் நல்லபடியாக உட்கார்ந்தது. இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை, பிறகு பார்ப்போம் என்றார்கள். அப்பாவை வார்டுக்குக் கொண்டுவந்து, தொடையில் மணல் பை வைத்து, அசையாமல் மல்லாந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் வாசலுக்கு வந்தபோதே அவர் குரல் கேட்டது. பக்கத்துக் கட்டில் சிங்களப் பெரியவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கையை மட்டும் தூக்கி, விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். டயருக்குள் டியூப் மடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்போமே, அதே மாதிரி உள்ளே போய்ப் பார்க்கிறார்கள் ஐயா, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது முழுக்கச் சுண்ணாம்பு, டொக்டர் மாத்தயா எனக்கே காட்டினார் என்றார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். நான் உள்ளே நுழைந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், கையை இறக்கினார், கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்குகிறாராக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரர் எனக்குச் சைகை காட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா என்னிடம் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கொடுத்த மாத்திரையைப் போட்டார், வைத்ததைச் சாப்பிட்டார், உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். மாத்திரை என்ன மாத்திரை என்பதை ஃபார்மசிக்காரனிடம் கேட்டார். பேப்பரில் ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் ரோட்டில் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

இரண்டு வீடு தள்ளி அவருடைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற முஸ்லிம் பெரியவர். அப்பா அவரை அண்ணன் முறையில் நானா என்பார், எனக்கு அவர் மாமா. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு எங்கள் வாசலுக்கு வருவார். அவருக்கு அப்பா அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எப்படி மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பலூன் விரியும்போது நெஞ்சு எப்படி இறுகியது, கம்பி உள்ளே போகும்போது திரையில் எப்படி வட்டம் வட்டமாக வந்தது என்று எல்லாம். நான் குசினியில் நின்று கேட்பேன். பால் சேர்க்காத பிளேன்டி கொண்டுபோனால் பேச்சு மிளகு விலைக்கு மாறிவிடும். விருந்தாளி வந்ததும் வீட்டுச் சண்டையை நிறுத்துவது போல.

ஒரு நாள் தாங்கமுடியாமல் போய், அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நாங்க பயந்துட்டோம்ப்பா. அதான் சொல்லல."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயந்தது நீங்க" என்றார். "படுத்திருந்தது நானு."

"தப்புதாம்பா."

"ஒங்கம்மாகிட்ட நானும் சொல்லல. அதுக்கு எனக்கு இன்னும் வேகுது. ஆனா அவ கேக்கல. நா ஒன்னையக் கேட்டேன் புள்ள."

அண்ணன்தான் மறைக்கச் சொன்னான் என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. நல்லவேளை, அந்த அசிங்கத்தையாவது செய்யவில்லை. அப்பா என் தலையில் கைவைத்தார், எழுந்து உள்ளே போனார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். மன்னிப்பது வேறு, பழையபடி நம்புவது வேறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

யுத்தம் முடிந்து ரோட்டில் வெடி கொளுத்திய நாட்களுக்குப் பிறகு, அப்பாவுக்கு மறுபடியும் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இந்த முறை எங்கள் யாருக்கும் சொல்லாமல் அவரே மாமாவோடு பஸ் ஏறிப் போய், அதே டொக்டரைப் பார்த்து, நாளும் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். போவதற்கு முந்தின இரவுச் சோற்றின்போதுதான் என்னிடம், "நாளைக்கு நானாவோட கொழும்புக்குப் போறேன். அடுத்த குழாயையும் பாத்துருவோம்னு இருக்கேன்" என்றார். நானும் வருவேன் என்றேன். "வா" என்றார். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

மறுநாள் அதே காத்திருக்கும் இடத்தில் மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மாமா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். போன முறையைவிட இந்த முறை நேரம் அதிகமாகப் போனது. உள்ளே யாரோ வேகமாகப் போனார்கள், யாரோ வேகமாக வெளியே வந்தார்கள். பிறகு கதவு திறந்தது. டொக்டர் எங்களைப் பார்த்தார். நான் எழுந்தேன். அவர் என்னைத் தாண்டி மாமாவைக் கூப்பிட்டார்.

"மகள், நீங்களும் வாங்க" என்றார் மாமா.

டொக்டர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "உங்கள் அப்பா இவரிடம் மட்டும் சொல்லச் சொன்னார்" என்றார் மெதுவாக.

நான் உட்கார்ந்தேன். கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் வழியாக இரண்டு பேரின் முதுகும் தெரிந்தது. டொக்டர் ஒரு திரையைக் காட்டி எதையோ விளக்கினார். மாமா குனிந்து பார்த்தார், ஏதோ கேட்டார், தலையாட்டினார். திரை என் பக்கம் திரும்பவில்லை. என் அப்பாவின் இதயத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை மிளகு வியாபாரி பார்த்துக்கொண்டிருந்தார். இதயம் படிப்பிக்கிற நான் வாங்கில் உட்கார்ந்து என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன நியாயம்?

மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க அப்பா நல்லா ஈக்கிறார் மகள்."

"படத்துல என்னா மாமா இருந்திச்சு? ஸ்ப்ரிங் சரியா ஒக்காந்திருக்கா? ஏன் இவ்வளவு நேரம்?"

"நல்லா ஈக்கிறார். அத மட்டும் ஒங்களுக்குச் செல்லச் சென்னார்." மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. வண்டியோடு நடந்துகொண்டே அவர் கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது.

"எப்பிடிப்பா இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ போயி எதையாச்சும் சாப்புடு புள்ள" என்றார்.

உண்மையாகவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.